பணமும் பத்திரிகையும் இல்லாமல் கவர்னர் தேர்தலில் நிற்க முடியுமா? கலிபோர்னியா, 1934

கட்சித் தலைமை, பெரும் பணக்காரர்கள், பத்திரிகைகள் என்று எதுவும் பக்கத்தில் இல்லாத ஒருவர், தொண்டர்களை மட்டும் நம்பி அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் கவர்னராக முடியுமா? அப்படி யாராவது உண்மையிலேயே முயன்றிருக்கிறார்களா? இதுதான் கேள்வி. முயன்றிருக்கிறார்கள். சிலர் ஜெயித்தும் இருக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எடுத்துச் சொல்வது ஒரு தோல்வியைத்தான். 1934-ல் கலிபோர்னியாவில் எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் நடத்திய பிரசாரம் அது. அடிமட்டத்திலிருந்து கட்டப்படும் ஒரு பிரசாரம் எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் முட்டி நிற்கும் என்ற இரண்டையும் அதில் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஊரில் கவர்னர் டெல்லியால் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவில் கவர்னர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நெருக்கமானவர். ஆனால் சட்டமன்றத்தில் பெரும்பான்மை போனால் பதவியும் போகும் என்ற பயம் அவருக்கு இல்லை. மாநிலம் முழுவதும் அவருக்கு ஒரே தொகுதி. கலிபோர்னியா பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த மொத்தப் பரப்பிலும் ஒரு வேட்பாளர் தன் பெயரையும் திட்டத்தையும் கொண்டுசேர்த்தாக வேண்டும். பணம் இல்லாதவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த வேலையில்தான்.

ஜெயித்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-ல் புளோரிடாவில் லாட்டன் சைல்ஸ், ஒருவரிடமிருந்து 100 டாலருக்கு மேல் நன்கொடை வாங்க மாட்டேன் என்று அறிவித்து, பதவியிலிருந்த கவர்னரைத் தோற்கடித்தார். 1998-ல் மினசோட்டாவில் ஜெஸ்ஸி வென்ச்சுரா, இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்து மூன்றாவது கட்சி சார்பில் நின்று 37 சதவீத ஓட்டில் ஜெயித்தார். இரண்டுமே பாராட்ட வேண்டிய வெற்றிகள். ஆனால் சைல்ஸ் அதற்கு முன்பே 18 ஆண்டுகள் செனட்டராக இருந்தவர். 1970-ல் மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆயிரம் மைல் நடந்தே ஓட்டுக் கேட்டு அப்போதே பிரபலமானவர். வென்ச்சுரா தொலைக்காட்சி மல்யுத்தத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். மினசோட்டாவில் வாக்குப்பதிவு நாளன்றே பெயரைப் பதிவு செய்து ஓட்டுப் போடலாம், அரசே வேட்பாளருக்குத் தேர்தல் நிதியும் தரும். அதாவது இருவருக்கும் வேறு ஏதோ ஒரு பிடிமானம் இருந்தது.

சிங்க்ளேருக்கும் புகழ் இருந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் கொடுமையை 1906-ல் 'தி ஜங்கிள்' நாவலில் எழுதி, அதே ஆண்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டங்கள் வரக் காரணமானவர்களில் ஒருவர் அவர். ஆனால் அந்தப் புகழ் ஓட்டாக மாறவில்லை. 1926-லும் 1930-லும் சோஷலிஸ்ட் கட்சி வேட்பாளராக இதே கவர்னர் பதவிக்கு நின்றார். 1930-ல் அவருக்குக் கிடைத்தது சுமார் 50,000 ஓட்டு. நான்கே ஆண்டு கழித்து, அதே மனிதர், ஏறக்குறைய அதே கருத்துகளோடு, அதே மாநிலத்தில் 8,79,537 ஓட்டு வாங்கினார். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

நடந்தது பெருமந்தம், அதாவது நாடு முழுக்க வேலையும் தொழிலும் சரிந்த பொருளாதார வீழ்ச்சி. ஆனால் பட்டினி மட்டும் அரசியலை உண்டாக்கிவிடாது, பட்டினியை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் முக்கியம். 1932-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் காம்ப்டன் என்ற ஊரில், வேலை இழந்த முன்னாள் படைவீரர்கள் சிலர் சுற்றியிருந்த தோட்டங்களுக்குப் போய், "கூலி வேண்டாம், வேலை செய்கிறோம், விற்காமல் மிஞ்சும் காய்கறியைக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அங்கே காய்கறி பயிரிட்டவர்களில் பலர் ஜப்பானிய விவசாயிகள். விலை விழுந்து அறுவடைக்கூலிகூடக் கட்டாமல் காய்கறி வயலிலேயே அழுகிக்கொண்டிருந்ததால் அவர்களும் சம்மதித்தார்கள். இது பரவியது. தச்சர் கூரையைச் சரிசெய்து கொடுப்பார், பதிலுக்கு ரொட்டி வாங்கிக்கொள்வார். லாரி வைத்திருப்பவர் சாமான் ஏற்றிக் கொடுப்பார், பதிலுக்கு முடிவெட்டிக்கொள்வார். இப்படிச் சுய உதவிக் கூட்டுறவுக் குழுக்கள் மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேலே முளைத்தன. பின்னாளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவரான கிளார்க் கெர், இளம் ஆய்வாளராக இருந்தபோது இந்தக் குழுக்களைத்தான் ஆராய்ந்தார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடிமட்டப் பிரசாரம் என்றதும் வேட்பாளர் ஒருவர் புறப்பட்டு, பேசி, ஆட்களைத் திரட்டுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் நடந்தது அதற்கு நேர்மாறு. சிங்க்ளேர் வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் திரண்டிருந்தார்கள். கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளவும் வயிற்றுப்பாட்டுக்காகவே பழகியிருந்தார்கள். அவர்களுக்கு இல்லாதது ஒரு அரசியல் திட்டம் மட்டும்தான். சிங்க்ளேர் அதைக் கொண்டுவந்தார். அந்தத் திட்டத்தின் கருவே இந்தக் கூட்டுறவுக் குழுக்கள் ஏற்கெனவே சின்ன அளவில் செய்துகொண்டிருந்த வேலைதான்.

1933 செப்டம்பரில் சிங்க்ளேர் சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்தார். சோஷலிஸ்ட் கட்சியை விட்டுவிட்டு, ஜனநாயகக் கட்சி வாக்காளராகத் தன்னைப் பதிவு செய்துகொண்டார். அமெரிக்க முறையில் இது எவ்வளவு பெரிய கதவு என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று தலைமை முடிவு செய்வதில்லை. அன்றைய கலிபோர்னியாவில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்ட சாதாரண வாக்காளர்கள் பிரைமரி தேர்தலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். கலிபோர்னியா அரசியலை சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் பிடியிலிருந்து மீட்க வேண்டும் என்று 1910-ஐ ஒட்டி நடந்த சீர்திருத்தங்களில் வந்த முறை இது. ஜனநாயகக் கட்சியோ அந்த மாநிலத்தில் ரொம்பப் பலவீனமாக இருந்தது. 1899-க்குப் பிறகு அந்தக் கட்சியிலிருந்து ஒரு கவர்னர்கூட வரவில்லை. காலியாகக் கிடந்த வீடு போன்ற ஒரு கட்சி, சாவியை எடுத்துக்கொள்ளப் போதுமான ஆட்கள் வந்தால் போதும். எனக்குத் தெரிந்து அடிமட்ட இயக்கங்கள் அமெரிக்காவில் சாதித்த பெரிய காரியங்கள் பெரும்பாலும் இந்தப் பிரைமரி வழியாக நடந்தவைதான். மூன்றாவது கட்சியாக நின்று கௌரவமாகத் தோற்பதை இரண்டு முறை பார்த்துவிட்ட சிங்க்ளேர், இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்.

அடுத்து அவர் செய்தது ஓர் எழுத்தாளருக்கே தோன்றக்கூடிய காரியம். தான் ஏற்கெனவே ஜெயித்து, கவர்னராகி, வறுமையை ஒழித்து முடித்துவிட்டதாக, எதிர்காலத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பதுபோல 64 பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். அதுதான் அவருடைய தேர்தல் அறிக்கை. 'எண்ட் பாவர்ட்டி இன் கலிபோர்னியா', கலிபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம் என்பது கோஷம். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'எபிக்' என்றார்கள். இயக்கத்துக்கும் அதுவே பெயரானது. மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகளையும் தரிசாகக் கிடக்கும் நிலத்தையும் அரசு வாடகைக்கோ விலைக்கோ எடுத்து வேலையில்லாதவர்களிடம் கொடுக்கும். அவர்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களே உற்பத்தி செய்து தங்களுக்குள் பரிமாறிக்கொள்வார்கள். கூடவே, 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு மாதம் 50 டாலர் பென்ஷன், ஏழைகளை வதைத்த விற்பனை வரி ரத்து, பெரும் வருமானத்துக்கும் சொத்துக்கும் கூடுதல் வரி. இதில் எல்லாமே நடைமுறைக்கு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அரசு நடத்தும் பரிமாற்றப் பொருளாதாரமும் சாதாரணச் சந்தையும் ஒரே மாநிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் எப்படி ஓடும் என்பதற்கு அவரிடம் திருப்தியான பதில் இல்லை. ஆனால் ஆரஞ்சுப் பழத்தைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றி அழித்த ஒரு மாநிலத்தில், பசித்தவனையும் சும்மா கிடக்கும் நிலத்தையும் சேர்த்துவைப்போம் என்ற பேச்சு யாருக்கும் கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்காது.

அந்த நூலை அவர்கள் இலவசமாகக் கொடுக்கவில்லை, விற்றார்கள். இந்தப் பிரசாரத்தில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு முடிவைத்தான். சில சென்ட் விலை. லட்சக்கணக்கில் விற்றது. விற்ற காசில் அடுத்த பதிப்பு, அதில் வந்த காசில் அலுவலகம், ரேடியோ நேரம், பயணச் செலவு. பொதுக்கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். வேலையில்லாதவர்களுக்காகப் பேச வருகிறவர் வேலையில்லாதவர்களிடமே காசு வாங்குவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பத்து சென்ட் கொடுத்து உள்ளே வந்தவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல, அவருக்கு அந்தப் பிரசாரத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய நூலை அவர் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரரோடு அதைப் பற்றி வாதாடுவார். பிரசாரம் தன் செலவைத் தானே சம்பாதித்தது. பெரிய நன்கொடையாளருக்குக் கடன்பட வேண்டிய தேவை பிரைமரி வரை வரவில்லை.

அப்புறம் கிளப்புகள். எபிக் கிளப்புகள் எண்ணூறு இருந்தன என்றும் ஆயிரம் வரை இருந்தன என்றும் வெவ்வேறு கணக்குகள் உண்டு. வீட்டுக் கூடத்திலோ சர்ச் அறையிலோ காலியாகக் கிடந்த கடையிலோ கூடுவார்கள். கேக் செய்து விற்பது, சாப்பாட்டு விருந்து நடத்திக் காசு சேர்ப்பது, தெருத்தெருவாகப் போய்ப் புது வாக்காளர்களைப் பதிவு செய்வது இதெல்லாம் அவர்கள் வேலை. இயக்கத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ரிச்சர்ட் ஓட்டோ. சிங்க்ளேர் எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்க, ஊர் ஊராகக் கிளப்புகளை ஒன்றோடொன்று கட்டியவர் அவர். அடிமட்டப் பிரசாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட ஆட்களை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள், அது சரியில்லை. கூட்டத்துக்கு வந்த நானூறு பேரில் நாற்பது பேரின் பெயரையும் முகவரியையும் எழுதிவைத்து, மறுநாளே ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கிறவர் இல்லையென்றால் அந்த நானூறு பேரும் வெறும் கூட்டம்தான்.

பத்திரிகைகள் எதுவும் ஆதரிக்கவில்லை, அதனால் சொந்தமாக ஒன்று தொடங்கினார்கள். 'எபிக் நியூஸ்' வாரப் பத்திரிகை, விலை 5 சென்ட். கிளப்புகள் மொத்தமாக வாங்கி வீடு வீடாக விற்றன. அந்தந்தப் பகுதிக்குத் தனிப் பதிப்பும், அதில் அந்தத் தெருவிலிருக்கும் மளிகைக்கடை, செருப்புக்கடை விளம்பரமும் வந்தன. தேர்தல் நெருங்கியபோது அச்சடித்த பிரதிகள் 20 லட்சத்தை ஒட்டி வந்ததாகச் சொல்கிறார்கள். எந்தப் பெருமுதலாளியும் பின்னால் இல்லாமல் இது நடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

1934 ஆகஸ்ட் 28 அன்று பிரைமரி. சிங்க்ளேருக்கு ஏறத்தாழ 4,36,000 ஓட்டு. கட்சிப் பெரியவர்கள் நிறுத்திய ஜார்ஜ் கிரீலுக்கு 2,88,000. எதிர்த்து நின்ற மற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கியதைவிட சிங்க்ளேர் அதிகம் வாங்கினார். குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜெயித்த அப்போதைய கவர்னர் ஃபிராங்க் மெரியம் வாங்கியதைவிடவும் அதிகம். அந்த ஆண்டுதான் கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களின் எண்ணிக்கை குடியரசுக் கட்சியைத் தாண்டியது. அப்போதைய ஜனாதிபதி, ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டின் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம். வாசல் வாசலாகப் போய்ப் பதிவு செய்த எபிக் தொண்டர்களின் உழைப்பு இன்னொரு காரணம்.

இந்த இடம் வரைக்கும் உங்கள் கேள்விக்குப் பதில், முடியும் என்பதுதான். யாருடைய தயவும் இல்லாமல் ஒரு பெரிய மாநிலத்தின் பிரதான கட்சியை ஓராண்டுக்குள் தொண்டர்களால் கைப்பற்ற முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு இருந்த பத்து வாரங்கள் வேறு கதை.

ஜெயித்துவிடுவாரோ என்ற பயம் வந்ததும் மறுபக்கம் திரண்டது. குடியரசுக் கட்சி மட்டும் அல்ல. வங்கிகள், ரியல் எஸ்டேட்காரர்கள், பெரும் பண்ணையார்கள், ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் எல்லாரும். கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவர் அதற்கு முந்தைய ஆண்டு 'கேம்பெயின்ஸ் இன்க்' என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். தேர்தல் பிரசாரத்தையே தொழிலாக நடத்திய முதல் கம்பெனிகளில் அது ஒன்று. இருவரும் சிங்க்ளேர் எழுதிய புத்தகங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார்கள். திருமணம், மதம், பள்ளி, சர்ச் என்று எதைப் பற்றியாவது எங்கேயாவது அவர் எழுதிய கடுமையான வரிகளை உருவி எடுத்தார்கள். அவற்றில் பல, நாவலில் ஒரு கதாபாத்திரம் பேசும் வசனங்கள். 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' அப்படிப்பட்ட மேற்கோள்களைத் தினமும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகம் எழுதிய ஒருவருக்கு எதிராக இதைவிட எளிதான ஆயுதம் கிடையாது. கதாபாத்திரம் சொன்னதற்கும் ஆசிரியர் சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அதைவிடப் பெரிய அடி சினிமா கொட்டகையில் விழுந்தது. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் இர்விங் தால்பெர்க் மேற்பார்வையில் செய்திப்படம் போலச் சில குறும்படங்கள் தயாராயின. தெருவில் போகிறவர்களைக் கேமராக்காரர் நிறுத்தி, யாருக்கு ஓட்டு என்று கேட்பார். கண்ணியமாக உடுத்திய பாட்டியும் நல்ல சட்டை போட்டவரும் மெரியமுக்கு என்பார்கள். தாடி வைத்த, உச்சரிப்பு வேறுபட்ட, முரட்டுத் தோற்றம் கொண்டவர்கள் சிங்க்ளேருக்கு என்பார்கள். சிங்க்ளேர் ஜெயித்தால் இலவசச் சாப்பாடு கிடைக்கும் என்று நாடு முழுவதிலுமிருந்து நாடோடிகள் ரயிலேறி வருவதுபோல ஒரு படத்தில் காட்டினார்கள். ஒரு பழைய திரைப்படத்தின் ஸ்டில்லை எடுத்து, வேலையில்லாதவர்கள் கலிபோர்னியாவுக்குள் நுழையும் நிஜப் புகைப்படம் என்று பத்திரிகையிலும் போட்டார்கள். ஸ்டுடியோ ஊழியர்களிடமிருந்து ஒரு நாள் சம்பளத்தை மெரியம் நிதிக்கு என்று பிடித்தார்கள். ஊழியர்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் புதிதாகப் பதிவாகியிருந்த ஆயிரக்கணக்கான வாக்காளர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கக் கோரி வழக்குப் போனது. பட்டியலில் இருந்தவர்களில் பலர் வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருந்த ஏழைகள். மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த நடவடிக்கையை நிறுத்தியது. ஆனால் வாக்குச்சாவடிக்குப் போனால் கைது செய்வார்களோ என்ற பயம் அதற்குள் பரவிவிட்டது.

சிங்க்ளேரின் பக்கத்திலும் தவறுகள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயம் இல்லை. பிரைமரிக்குப் பிறகு அவர் கிழக்கே போய் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார். இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஜனாதிபதி தன்னை வெளிப்படையாக ஆதரிப்பார் என்று முழுசாக நம்பித் திரும்பினார், அந்த நம்பிக்கையைத் தொண்டர்களிடமும் விதைத்தார். ரூஸ்வெல்ட் கடைசிவரை வாய் திறக்கவில்லை. தேர்தல் நெருங்கியபோது, மந்தத்திலிருந்து நாட்டை மீட்க ரூஸ்வெல்ட் கொண்டுவந்த புதிய ஒப்பந்தத் திட்டத்தை (நியூ டீல்) எதிர்க்க மாட்டேன் என்று மெரியம் சொன்னதே கட்சிப் பெரியவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கிரீலும் கையைவிரித்தார். மேலேயிருந்து வரும் ஆசியை எதிர்பார்த்து நடத்திய பிரசாரம் அல்ல அது. ஆனால் கடைசி ஆறு வாரங்களில் அந்த ஆசிக்காகக் காத்திருந்து காலத்தைத் தொலைத்தது.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையாளர்களிடம் சிங்க்ளேர் ஒரு வார்த்தை விட்டார். நான் ஜெயித்தால் நாட்டின் வேலையில்லாதவர்களில் பாதிப்பேர் கலிபோர்னியாவுக்கு வந்துவிடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள் என்று நிவாரணத் திட்டங்களின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸிடம் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். சீக்கிரமே அந்த ஒரு வாக்கியம் விளம்பரப் பலகைகளில் ஏறியது. அதுவரை வேலையில்லாதவர்களுக்குப் பரிவு காட்டிய, தானும் நாளை வேலை இழக்கலாம் என்று பயந்துகொண்டிருந்த குமாஸ்தாவும் சின்னக் கடைக்காரரும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் விலகிப்போனார்கள் என்று நினைக்கிறேன்.

1934 நவம்பர் 6. மெரியம் 11,38,620. சிங்க்ளேர் 8,79,537. மூன்றாவதாக நின்ற ரேமண்ட் ஹெய்ட் 3,02,519. சிங்க்ளேரும் ஹெய்ட்டும் வாங்கியதைக் கூட்டினால் மெரியமைவிட அதிகம் வரும். இதைவைத்து, ஹெய்ட் விலகியிருந்தால் சிங்க்ளேர் ஜெயித்திருப்பார் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஹெய்ட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நிறையப் பேர், மெரியமும் வேண்டாம் சிங்க்ளேரும் வேண்டாம் என்று நினைத்த மிதவாதிகள். அவர்களில் ஒரு பெரும்பகுதி மெரியம் பக்கமே சாய்ந்திருக்கும்.

உண்மையான காரணம் எபிக் கிளப்புகளின் எல்லையில் இருக்கிறது. அவற்றின் வேர் தென் கலிபோர்னியாவில், குறிப்பாக லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி. வடக்கே அவ்வளவு பலம் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவே ஸ்தம்பித்த பொது வேலைநிறுத்தம் நடந்து, மெரியம் தேசியக் காவல்படையைத் துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தார். அவ்வளவு கொதிப்பு இருந்த நகரத்திலேயே எபிக் ஆழமாக வேர்விடவில்லை. 'எபிக் நியூஸ்' 20 லட்சம் போனது என்றாலும், அதை வாங்கியவர்களும் வாசலில் நின்று வாங்க வைக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே கஷ்டத்தில் இருந்தவர்கள். சினிமா கொட்டகையில் உட்கார்ந்திருந்தவரோ எந்தப் பக்கமும் சேராத ஆள். அவரிடம் பேசுவதற்கு எபிக்கிடம் வழியே இல்லை, எதிராளியிடம் இருந்தது. பிரைமரியில் தன் ஆட்களைத் திரட்டினால் போதும். பொதுத் தேர்தலில் தன் ஆட்கள் அல்லாதவர்களின் பயத்தைப் போக்க வேண்டும். வாசல் வாசலாகப் போகும் தொண்டர்களால் அதைச் செய்ய முடியும், ஆனால் பத்து வாரத்தில் செய்ய முடியாது. ஓராண்டு முன்பே வடக்கிலும் நடுத்தர வர்க்கத் தெருக்களிலும் கிளப்புகள் முளைத்திருக்க வேண்டும்.

தோற்றதும் சிங்க்ளேர் பேனாவை எடுத்தார். தான் எப்படி அடி வாங்கினேன் என்பதைத் தொடராக எழுதினார், பல பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அடுத்த ஆண்டிலிருந்து எபிக் உள்சண்டையில் கரையத் தொடங்கியது. கம்யூனிஸ்டுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஒரு சண்டை. சிங்க்ளேர் ஒதுங்கியதும் மையம் இல்லாமல் போனது இன்னொரு பிரச்சினை. ஒரு மனிதரின் புத்தகத்தைச் சுற்றிக் கட்டிய இயக்கம், அவர் போனால் ஆடத்தான் செய்யும்.

ஆனால் கிளப்புகளில் பழகிய ஆட்கள் போகவில்லை. அன்று சிங்க்ளேரோடு துணை கவர்னர் பதவிக்கு நின்று தோற்ற ஷெரிடன் டவுனி 1938-ல் அமெரிக்க செனட்டரானார். அதே 1934-ல் எபிக் ஆதரவோடு மாநில செனட்டுக்குப் போன கல்பர்ட் ஓல்சன் 1938-ல் கவர்னரானார். நாற்பது ஆண்டுகளில் கலிபோர்னியாவின் முதல் ஜனநாயகக் கட்சி கவர்னர் அவர். சந்தேகத்துக்குரிய சாட்சியங்களின் பேரில் இருபது ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்த தொழிற்சங்கவாதி டாம் மூனியை விடுவிப்பேன் என்பது சிங்க்ளேர் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. ஓல்சன் பதவியேற்ற சில நாட்களிலேயே, 1939 ஜனவரியில், மூனிக்கு மன்னிப்பு வழங்கி வெளியே விட்டார்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1934-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்து அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் என்ற இளைஞர் எபிக்கை ஆதரித்து மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார். நீண்ட காலமாக அங்கே ஜெயித்துக்கொண்டிருந்த குடியரசுக் கட்சிக்காரரைத் தோற்கடித்தார். பிறகு அமெரிக்கக் காங்கிரசுக்குப் போய் 1991 வரை அங்கே இருந்தார். 1978-ல் நிறைவேறிய முழு வேலைவாய்ப்புச் சட்டம் அவர் பெயரையும் செனட்டர் ஹம்ஃப்ரியின் பெயரையும் சேர்த்துத்தான் இன்றும் அழைக்கப்படுகிறது. வேலை கேட்கும் ஒவ்வொருவருக்கும் வேலை கிடைக்க வழிசெய்வதை அரசின் இலக்காக எழுதிவைக்கிறது அந்தச் சட்டம்.